மேசைமேல் துப்பாக்கி, வெளியே காற்று: பெஞ்ச்ரெஸ்ட் சுடுதலில் ஏழு ஆண்டுகள்

துப்பாக்கியை மேசைமேல் ஒரு தாங்கியில் கிடத்திவிட்டு, முக்காலியில் அமர்ந்தபடி சுடுவதில் அப்படி என்ன திறமை இருந்துவிடப் போகிறது என்றுதான் நான் முதலில் எண்ணினேன். நின்றும் படுத்தும் சுடுகிறவர்கள் கை நடுக்கத்தோடும் மூச்சோடும் இதயத் துடிப்போடும் போராட வேண்டும். மேசையில் சுடுகிறவருக்கு அந்தப் போராட்டம் பெருமளவு இல்லை. ஆகவே நல்ல துப்பாக்கியும் நல்ல தோட்டாவும் கிடைத்துவிட்டால் குண்டுகள் எல்லாம் ஒரே துளையில் போய் விழும் என்பது என் கணக்கு. எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளின் அளவுகளைச் சரிபார்க்கும் பொறியாளனாக ஹூஸ்டனில் வேலை பார்ப்பவன் நான். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்து பழகிய எனக்கு இந்த விளையாட்டு எளிதில் கைவந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். அந்தக் கணக்கில் காற்றை நான் சேர்க்கவே இல்லை.

பெஞ்ச்ரெஸ்ட் என்னும் இந்தப் போட்டி முறை அமெரிக்காவில் வளர்ந்து, 1951-இல் அதற்கென ஒரு தேசியச் சங்கம் அமைந்தபோது விதிமுறைகளோடு நிலைபெற்றது. அதன் மூல வடிவத்தில் 100 கஜத்திலோ 200 கஜத்திலோ உள்ள தாளில் ஐந்து குண்டுகளைச் சுட்டு, மிகவும் விலகி விழுந்த இரண்டு குண்டுகளின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவை அளப்பார்கள். 1973-இல் மேக் மெக்மில்லன் 100 கஜத்தில் சுட்ட ஐந்து குண்டுகளின் அளவு 0.009 அங்குலம், அதை மிஞ்ச 2013-இல் மைக் ஸ்டின்னெட் 0.0077 அங்குலத்தில் சுடும்வரை உலகம் காத்திருந்தது. இத்தகைய தாளை வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு ஒரே ஒரு குண்டுதான் துளைத்தது போலத் தோன்றும். 1970களின் நடுவில் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவி வடிப்பாளரும் சேர்ந்து உருவாக்கிய 6 மில்லிமீட்டர் பிபிசி (PPC) தோட்டாவே அந்தக் குறுந்தூரப் போட்டிகளில் இன்றும் கோலோச்சுகிறது.

நான் வாழும் இதே ஹூஸ்டனில் 1980களில் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லியாக வேண்டும். வர்ஜில் கிங் என்பவரும் அவருடைய நண்பர்களும் 325 கஜ நீளமுள்ள ஒரு சரக்குக் கிடங்குக்குள், வேலை ஓய்ந்த இரவு வேளைகளில், கான்கிரீட் மேசை அமைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். அங்கே காற்றும் இல்லை, கானலும் இல்லை. துப்பாக்கியிலோ தோட்டாவிலோ செய்த ஒவ்வொரு மாற்றத்தின் விளைவும் வேறெதனோடும் கலக்காமல் தாளில் தெரிந்தது. நம்மைப் போன்றவர்கள் திறந்தவெளியில் சுட்டுவிட்டு, தவறு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திகைக்கிறோம். அவர்கள் அந்தத் திகைப்பையே நீக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். அந்தச் செய்தியை அறிந்த பிறகுதான், என் இலக்கு அட்டைகளில் இருந்த தவறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

நான் சுடுவது .22 ரிம்ஃபயர் துப்பாக்கி, அதாவது தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கச் செய்யும் வகை. தூரம் 50 கஜம், அதாவது 45.7 மீட்டர். எங்கள் களத்தில் அமெரிக்க ரிம்ஃபயர் சங்கத்தின் விதிப்படி போட்டி நடக்கிறது. ஓர் அட்டையில் 25 இலக்குகள், ஒவ்வோர் இலக்கிலும் ஒரு குண்டு, 20 நிமிடம். நடுவட்டத்துக்கு 100 மதிப்பெண், அதற்கடுத்த வட்டத்துக்கு 50, ஆக முழு மதிப்பெண் 2,500. துளையின் விளிம்பு வெளி வட்டத்தைத் தொட்டுவிட்டாலும் குறைந்த மதிப்பெண்தான். இந்த இலக்குகளைத் தவிர, எத்தனை முறை வேண்டுமானாலும் சுட்டுப் பார்த்துக்கொள்ளச் சோதனை இலக்குகளும் அதே அட்டையில் உண்டு. முதல் நாள் இரவல் துப்பாக்கியில் நான் எடுத்த மதிப்பெண் 1,350. சோதனை இலக்கில் நான் சுட்டவை மூன்றே குண்டுகள். மற்ற இருபத்தைந்தையும் ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த முதியவர், கடைசல் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர், என் அட்டையில் வலப்புறம் கீழே விழுந்திருந்த ஒரு துளையைச் சுட்டி, “இதைச் சுடும்போது காற்றுக்கொடி எப்படி நின்றது?” என்று கேட்டார். நான் கொடியைப் பார்க்கவே இல்லை.

ஆயினும் காற்றைக் கற்பதற்கு முன் மேசையைக் கற்க வேண்டியிருந்தது. துப்பாக்கியின் முன்பகுதி திருகுகளால் நகர்த்தக்கூடிய தாங்கியில் ஒரு மணல் பையின்மேல் அமர்கிறது. பின்கட்டை, முயலின் காதுகளைப் போல இரு முனைகள் நிமிர்ந்த தோல்பை ஒன்றில் பொருந்துகிறது. வெடிக்கும்போது துப்பாக்கி இவ்விரண்டு பைகளின்மேலும் நேராகப் பின்னே வழுக்கி, மீண்டும் முன்னே தள்ளும்போது அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். இதைச் சரிபார்க்கத் தோட்டாவே தேவையில்லை. துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப்பின் (துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின்) குறுக்குக்கோட்டை ஒரு புள்ளியில் நிறுத்தி, துப்பாக்கியை ஓரங்குலம் பின்னே இழுத்து, முன் தடுப்பைத் தொடும்வரை தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். கோடு அதே புள்ளிக்குத் திரும்பினால் மேசை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். என் துப்பாக்கியில் கோடு ஒவ்வொரு முறையும் இடப்புறம் சரிந்தது, ஏனென்றால் முன் பையும் பின் பையும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. நூல் பிடித்து அதைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அது தவறு என்று தெரிந்துகொள்ள ஐந்து மாதம் ஆகியிருந்தது. தோல்காதுகளில் சிறிது டால்கம் பவுடர் தூவுவதும் உதவும், ஈரப்பதம் மிகுந்த ஹூஸ்டனில் தோல் பிசுபிசுத்துத் துப்பாக்கியை இழுத்துப் பிடிக்கும்.

அடுத்து, குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும் நோய் என்னைப் பிடித்தது. இடவலமாகச் சிதறினால் காற்று என்று சொல்லலாம். மேல்கீழாகச் சிதறினால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். நான் தோட்டாவைக் குறைகூறி, மூன்று மாதங்களில் தேவைக்கு மேல் செலவு செய்து வேறு வேறு பெட்டிகளை வாங்கினேன். உண்மையில் இரண்டு காரணங்கள் ஒன்றாக வேலை செய்திருந்தன. ஒன்று, துப்பாக்கியின் இரும்புப் பகுதியை மரக்கட்டையோடு இணைக்கும் பின்திருகு தளர்ந்திருந்தது. மற்றொன்று, என் தோள். சில குண்டுகளுக்குத் தோள் கட்டையைத் தொட்டது, சிலவற்றுக்குத் தொடவில்லை. தோள் தொடுவது தவறன்று, தொடாமலிருப்பதும் தவறன்று. ஒரு நாள் தேர்ந்த முறையைக் கடைசிக் குண்டுவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். விரலால் இழுக்கும் விசை (டிரிக்கர்) 2 அவுன்ஸ், சுமார் 57 கிராம் எடைக்கே விடுபடும் என்பதால், நான் விரலைத் தவிர உடலின் எந்தப் பகுதியும் துப்பாக்கியைத் தொடாதபடி சுடத் தொடங்கினேன். திருகுகளை இப்போது ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் முறுக்கு அளக்கும் சாவியால் சரிபார்க்கிறேன்.

ஸ்கோப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. பள்ளி ஆய்வகத்தில் ஊசிகளை வைத்து நாம் படித்த இடமாறு தோற்றப்பிழை இங்கேயும் உண்டு. கண்ணைச் சற்று மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்ந்தால் குவியத்தைத் திருத்துங்கள். திருத்தாவிட்டால் தலை வைக்கும் இடம் மாறும்போதெல்லாம் குண்டும் இடம் மாறும்.

தோட்டாவின் கதை நீளமானது, ஏனெனில் ரிம்ஃபயர் தோட்டாவை நாமே நிரப்பிச் செய்துகொள்ள முடியாது. 6 பிபிசி சுடுகிறவர்கள் மருந்தின் அளவையும் குண்டு அமரும் ஆழத்தையும் களத்திலேயே மாற்றிப் பார்க்கிறார்கள். நாங்களோ தொழிற்சாலை தருவதை வாங்கி, அதில் எங்கள் குழலுக்கு ஒத்துப்போவதைத் தேடுகிறோம். ஈலி, லப்புவா போன்ற நிறுவனங்களின் உயர்தரத் தோட்டாவிலும் ஒரு லாட்டுக்கும், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரானவற்றுக்கும், இன்னொரு லாட்டுக்கும் வேறுபாடு இருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை நாங்கள் பெயரைப் போல நினைவில் வைத்திருப்போம். ஒரே லாட் என் துப்பாக்கியில் அருமையாகவும் பக்கத்து மேசைத் துப்பாக்கியில் சாதாரணமாகவும் சுடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் நான் செய்த பெருந்தவறு, ஒரு மாலையில் ஒரு லாட்டில் ஐந்தே குண்டுகளைச் சுட்டு, அவை ஒரே துளையில் விழுந்ததைக் கண்டு மகிழ்ந்து, அந்த லாட்டில் 5,000 தோட்டாக்கள் கொண்ட முழுப் பெட்டியை வாங்கியது. ஐந்து குண்டுகள் தற்செயலாகவும் கூடி விழும். அந்தப் பெட்டியை நான் இன்னமும் பயிற்சிக்குத்தான் பயன்படுத்துகிறேன். இப்போது நான் பின்பற்றும் முறை இது: காற்று எழுவதற்கு முந்திய அதிகாலையில், ஒவ்வொரு லாட்டிலும் குறைந்தது 50 குண்டுகள். ஒரு லாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, குண்டின்மேல் பூசியிருக்கும் மெழுகு குழலில் படிந்து நிலைபெறும்வரை முதலில் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுகிறேன். மறு வாரம் வரிசையைத் திருப்பி வைத்து மீண்டும் சுடுகிறேன். முதலில் சுட்டது நன்றாகவும் கடைசியில் சுட்டது மோசமாகவும் வந்தால், அது தோட்டாவின் குணமா, சூரியன் ஏறியதன் விளைவா என்பது இப்படித்தான் தெரியும்.

இனிக் காற்று. எங்கள் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், சுமார் 2.6 கிராம், குழல்வாயிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 325 முதல் 330 மீட்டர் வேகத்தில், ஒலியைவிடச் சற்றுக் குறைவாகவே புறப்படுகிறது. 50 கஜத்தைக் கடக்க அதற்கு வினாடியில் ஏழில் ஒரு பங்குதான் ஆகிறது. இந்தச் சிறு நேரத்துக்குள், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் மெல்லிய காற்று குண்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிடும். முகத்தில் பட்டால் இதமாக இருக்கும் அந்தக் காற்று நடுவட்டத்திலிருந்து குண்டை வெளியேற்றப் போதுமானது. வேகமான .22 தோட்டாவை வாங்கினால் காற்றை ஏமாற்றிவிடலாம் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் புறப்படும் குண்டு எதிர்ப்பால் விரைவாக வேகமிழப்பதால், காற்றில் அதுதான் மேலும் அதிகமாக விலகும்.

எங்கள் களத்தில் சுடுகிறவர் வடக்கு நோக்கி அமர்கிறார். இதனால் எனக்கு ஒரு வசதி கிடைத்தது. என் குறிப்பேட்டில் மணிக்கூட்டின் எண்களைக் கொண்டு திசையைக் குறிப்பதற்குப் பதிலாக, நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களை எழுதத் தொடங்கினேன். வலப்புறமிருந்து, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இடப்புறமிருந்து, மேற்கிலிருந்து வருவது கோடை. முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது தென்றல். எதிரே வடக்கிலிருந்து வருவது வாடை. வளைகுடாவின் பக்கமிருந்து வரும் எங்கள் வழக்கமான காற்று தென்றலுக்கும் கொண்டலுக்கும் நடுவே நிற்பது. குளிர்காலத்தில் வானிலை மாறும்போது வாடை வந்து அனைத்தையும் தலைகீழாக்கும். ஒரே ஒரு சொல்லில் நிலைமையை எழுதிவிட முடிவதால், ஒவ்வொரு குண்டுக்கும் குறிப்பெழுத எனக்கு மூன்று வினாடிகூட ஆவதில்லை.

இந்தக் குறிப்புகளிலிருந்துதான் அந்த முதியவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. வலப்புறமாகச் சுழலும்படி வெட்டிய குழலிலிருந்து வெளிவரும் குண்டு, பக்கக் காற்றைச் சந்திக்கும்போது வெறுமனே ஒதுங்குவதில்லை. அதன் சுழற்சியின் காரணமாக, கொண்டல் அதை இடப்புறம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றும். கோடை வலப்புறம் தள்ளுவதோடு சற்றுக் கீழேயும் இறக்கும். என் முதல் அட்டையின் வலப்புறக் கீழ்த்துளை, நான் பார்க்காமல் விட்ட கோடைக் காற்றின் கையெழுத்து. மேல்கீழ்ச் சிதறலுக்குக் காற்று காரணமாகாது என்று நம்பியிருந்த எனக்கு, மூன்று மாதத் தோட்டாச் செலவின் ஒரு பகுதி இங்கே போனது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

காற்றுக்கொடி என்று நாங்கள் சொல்வது துணிக்கொடி அன்று. ஒரு கம்பியின்மேல் சுழலும் அம்பு வடிவத் தகடு, அதன் முன்னே சிறு காற்றாடி, பின்னே மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் ஆன வால். தகட்டின் இரு பக்கமும் வெவ்வேறு நிறம், ஆகவே எந்தப் பக்கம் தெரிகிறது என்பதைக் கொண்டே திசை தெரிந்துவிடும். வேகத்தைக் காற்றாடியின் சுழற்சியும் வாலின் உயரமும் சொல்லும். நான் நான்கு கொடிகளை வைக்கிறேன். முதலிரண்டு ஆண்டுகள் இலக்குக்கு அருகிலிருந்த கொடியையே அதிகம் பார்த்தேன், அது ஸ்கோப்பில் எளிதாகத் தெரிந்ததால். ஆனால் குழல்வாய்க்கு அருகில் காற்று குண்டைத் திருப்பினால் அந்தச் சாய்வு இலக்குவரை வளர்ந்துகொண்டே போகிறது. இலக்குக்கு அருகில் திருப்பினால் வளர்வதற்கு இடமில்லை. எனவே மேசைக்கு அருகிலிருக்கும் முதல் இரண்டு கொடிகளுக்கே இப்போது முதலிடம். அவற்றைப் பார்க்க இடக்கண்ணைத் திறந்தபடியே சுடப் பழக வேண்டியிருந்தது. அது கைவர ஓராண்டு ஆனது.

கொடியைப் பார்ப்பது வேறு, கொடிக்குக் கட்டுப்படுவது வேறு. நான்காம் ஆண்டில் ஒரு வசந்தகாலப் போட்டியில், 24 இலக்குகள் முடிந்த நிலையில் எனக்கு 19 நூறுகளும் 5 ஐம்பதுகளும் இருந்தன: 2,150. கடைசிக் குண்டும் நூறானால் 2,250. அதுவரை நான் 2,200-ஐ எட்டியதே இல்லை. கடிகாரத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. காலை முழுவதும் நிதானமான கொண்டல் வீசிக்கொண்டிருந்தது, நான் அதற்கேற்ப வலப்புறம் கீழே குறிவைத்துக்கொண்டிருந்தேன். விசையில் விரல் பட்ட கணத்தில் முதல் கொடியின் வால் தொங்கியதைக் கண்டேன். இரண்டாம் கொடி திரும்பத் தொடங்கியதையும் கண்டேன். கண்ட பிறகும் சுட்டேன். குண்டு, நான் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்த அதே வலப்புறக் கீழ்மூலையில், கோடையின் தள்ளலும் சேர்ந்து, ஐம்பது வட்டத்துக்கும் வெளியே விழுந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை வருத்தியது மதிப்பெண் அன்று. தெரியாமல் செய்யும் தவறுகளைக் கற்றுத் திருத்தலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்த எனக்கு, தெரிந்தே செய்த தவறுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று விளங்கவில்லை.

அன்று முதல் என் அட்டைகளில் நான் கணக்கிடும் எண் மாறிவிட்டது. ஒவ்வோர் ஐம்பதுக்கும் எதிரே, “தெரியாது” அல்லது “தெரிந்தே” என்று எழுதுகிறேன். முதல் ஆறு மாதத்தில் ஏறத்தாழ பாதி ஐம்பதுகள் “தெரிந்தே” என்ற வரிசையில் சேர்ந்தன. 20 நிமிடத்தில் 25 குண்டுகள் என்றால் ஒரு குண்டுக்கு 48 வினாடி என்று பங்கிட்டுக்கொள்வது பொறியாளனின் பழக்கம், அது இங்கே உதவாது. காற்று ஒரு நிலையில் நிற்கும்போது ஏழெட்டுக் குண்டுகளை ஒன்றரை நிமிடத்தில் சுட்டுவிட வேண்டும்; அது மாறியதும் விரலை எடுத்துவிட்டு, சோதனை இலக்கில் ஒன்று சுட்டுப் புதிய நிலைமை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும், அல்லது பழைய நிலைமை திரும்பும்வரை சும்மா இருக்க வேண்டும். ஒருமுறை ஆறு நிமிடம் ஒரு குண்டும் சுடாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு மேல் கானல் எழும். தரையிலிருந்து கிளம்பும் வெப்பம் இலக்கின் உருவத்தையே இடம் பெயர்த்துக் காட்டும். அப்போது நான் ஸ்கோப்பின் பெருக்கத்தை நாற்பதிலிருந்து இருபத்தைந்துக்குக் குறைக்கிறேன். குழலைத் துடைப்பதில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். தண்டை எப்போதும் பின்புறமிருந்தே, வழிகாட்டிக் குழாய் வைத்துச் செலுத்த வேண்டும், முன்வாயின் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போய்விடும். தோட்டா அறைக்கு முன்னே கரி வளையமாகப் படியும் இடத்தை மறக்கக் கூடாது.

பாதுகாப்பில் நான் செய்த பிழையையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் ஆண்டில், கொடிகளைத் திருத்த நால்வர் இலக்குப் பக்கம் நடந்து சென்றிருந்தபோது, என் பின் பை சரிந்திருப்பதைக் கண்டு எட்டி அதை நிமிர்த்தினேன். தோட்டா அறையை அடைக்கும் பூட்டான போல்ட் கழற்றப்பட்டு மேசைமேல் தனியே இருந்தது, அறையில் செந்நிற அடையாளக் குச்சி செருகியிருந்தது. சுட வாய்ப்பே இல்லை. களப் பொறுப்பாளர் குரலை உயர்த்தாமல் என் பெயரைச் சொல்லி அழைத்து, அடுத்த அட்டைக்கு என்னை உட்கார வேண்டாம் என்றார். அவர் செய்தது முழுக்க முழுக்கச் சரி. எதிரே மனிதர் நிற்கும்போது மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பின்னே நகர்ந்து நிற்பதுதான் வழக்கம், அதில் காரணம் தேடும் இடமே இல்லை. ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டு வெறும் ஈயம்; சுட்ட கையோடு உணவைத் தொடுவதும், அதே சட்டையோடு வீட்டில் குழந்தையைத் தூக்குவதும் கூடாது. சோப்பிட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் நான் வண்டியில் ஏறுகிறேன்.

சென்ற மாதப் போட்டியில் என் நான்கு அட்டைகளின் சராசரி 2,210. ஐம்பதுகளில் “தெரிந்தே” என்ற சொல் இரண்டு இடங்களில் மட்டும் இருக்கிறது, இரண்டும் கொண்டல் தளர்ந்து கோடையாகத் திரும்பும் அதே கணத்தில். என் குழலுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் மிகச் சிறந்த லாட்டில் இன்னும் 1,400 தோட்டாக்களே மிச்சம். வரும் வசந்தத்துக்குள் அவை தீர்ந்துவிடும். புதிதாக ஆறு லாட்டுகளில் இரண்டிரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தென்றல் எழுவதற்கு முன், முதல் லாட்டைத் தொடங்குகிறேன்.